மூன்றாம் பரிசு

ஜனவரி 5, ஞாயிறு

இவருக்கு ஷூ வாங்க கிராஸ்கட் ரோடு போனோம். புதிதாகத் திறந்த விளையாட்டுச் சாமான் கடை. பில்லோடு ஒரு குலுக்கல் கூப்பன் கொடுத்தார்கள். முதல் பரிசு ஃப்ரிட்ஜ், இரண்டாம் பரிசு மிக்ஸி, மூன்றாம் பரிசு டிரையத்லான். அதுவும் சமையல்கட்டுக்கு ஆகிற சாமானாகத்தான் இருக்கும் என்று என் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டேன். இவர் பெயரில் போட்டால் விழாது. இவருக்கு அந்த ராசி கிடையாது.

இட்லிக்கு ஊறப் போட்டாயிற்று.

ஜனவரி 11, சனி

விழுந்துவிட்டது. கடையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"தமயந்தி மேடங்களா? வாழ்த்துகள்ங்க மேடம். மூணாவது பரிசு உங்களுக்குத்தான்."

"சந்தோசமுங்க. ஊட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவீங்களா, இல்ல நாங்க வரோணுமா?"

அவள் என் பெயரை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு விளக்கினாள். டிரையத்லான் என்பது சாமான் இல்லை, போட்டி. முதலில் நானூறு மீட்டர் நீந்த வேண்டும். கரையேறிப் பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டு இரண்டரை கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் உட்காரலாமா என்று கேட்டேன். உட்காரலாம், ஆனால் யாரும் உட்கார மாட்டார்கள் என்றாள். ஏப்ரல் ஆறாம் தேதி, புதியவர்கள் பிரிவு, எனக்கு அனுமதி இலவசம். அதுதான் பரிசு.

"அதுக்குப் பதிலா மிக்ஸி குடுக்க முடியுமுங்களா?"

"முடியாதுங்க மேடம்."

"குக்கர்?"

"மாத்த முடியாதுங்க. வேற பேருக்கும் மாத்த முடியாது. நீங்கதான் நீந்தோணும்."

இவர் சிரித்துவிட்டு, "உட்டுத் தள்ளு" என்றார். எனக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணத் தாம்பூலப் பையில் வந்த பிளாஸ்டிக் டப்பாவைக்கூட நான் இதுவரை வீணாக்கியதில்லை. இதையும் வீணாக்குவதாக இல்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. காலையில் ஓடிப் பார்த்தேன்.

பால் பூத் தாண்டுவதற்குள் மொபெட்டில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார். "என்னாச்சுங்க அம்மிணி? யாருக்காச்சும் மேலுக்கு முடியலீங்களா? ஏறுங்க, ஆஸ்பத்திரியில உட்டுடறேன்."

"சும்மாதானுங்க ஓடறேன்."

"சும்மாவா?"

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தெரு முனை வரைக்கும் மெதுவாகப் பின்னாலேயே வந்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் மாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு யார் என்று விசாரித்தார்கள். இந்த ஊரில் ஒரு பெண் ஓடினால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ் கிளம்பியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது காம்பவுண்டுக்குள் சுகந்தி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சுகந்தி என் ஓரகத்தி, கொழுந்தனார் குருநாதனின் மனைவி. ஒரே காம்பவுண்டு, பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. நாங்கள் பேசுவதில்லை.

ஜனவரி 16, வியாழன்

பேசாததற்கான காரணத்தை எழுதிவைக்கிறேன். பின்னால் மறந்து போகும்.

நான்கு வருடத்துக்கு முன் தீபாவளிச் சமயத்தில் அண்ணனும் தம்பியும் தங்கள் பம்ப்செட் ஒர்க்‌ஷாப்புக்குப் புது போர்டு எழுதுவதாக முடிவு செய்தார்கள். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் பேச்சு தடித்தது. எழுதுகிறவர் பிரஷ்ஷோடு ஏணியிலேயே நின்றார். கடைசியில் பாவம், ஒன்றும் எழுதாமல் இறங்கிப் போனார். இப்போது இரண்டு ஒர்க்‌ஷாப், இரண்டு போர்டு.

அவர்கள் பேசாதபோது நாங்கள் பேசினால் நன்றாக இருக்காது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை. மற்றபடி எனக்கும் சுகந்திக்கும் சண்டை எதுவும் கிடையாது. போடுவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

அவளைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. இன்று அவள் வீட்டில் பச்சைப்பயிறு கடைந்திருக்கிறாள். உப்பு எப்போதும் ஒரு கல் தூக்கலாகத்தான் போடுவாள்.

ஜனவரி 22, புதன்

சைக்கிள். மகளுடையது. அவள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள், கேட்க ஆளில்லை. முன்னால் இருக்கிற கூடையைக் கழற்றினால் வேகமாகப் போகலாம் என்றார் மெக்கானிக். எதற்குக் கழற்ற வேண்டும்? வரும்போது இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

நீச்சல் குளத்தில் சேரப் போனேன். பெண்கள் நேரம் மதியம் மூன்றிலிருந்து நான்கு. வெயிலுக்குப் பயந்து ஆண்கள் யாரும் வராத நேரம் அது. அங்கே பார்த்துக்கொள்கிற பெண் பெயர் ஜெசிந்தா. கழுத்தில் விசில் போட்டிருக்கிறாள்.

"தனியா வந்தா எறங்க முடியாதுங்கக்கா. தொணைக்கு இன்னொரு லேடி வரோணும். ரூலு."

"ஆம்பளைங்களுக்கு?"

"அவங்களுக்கு அந்த ரூலு இல்லீங்க."

மாலை முழுவதும் துணை தேடினேன். எதிர்வீட்டு அம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது, குளத்தில் எண்ணெய்த் தலைக்கு அனுமதி இல்லை. அதற்கடுத்த வீட்டுப் பெண் மாமனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மாமனார் போன வருடமே காலமாகிவிட்டார்.

ஆறு மணிக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். மரம் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் சுகந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மரத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நாளைக்கு மூணு மணிக்கு நீச்சக் கொளத்துக்குப் போகோணும். தொணைக்கு ஒரு பொம்பளை வேணுமாமா. எவ வரப்போறா."

மரம் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரச் சத்தம் நின்றது.

ஜனவரி 28, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் சுகந்தி ஒரு பையோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முன் படியில் ஏறினேன், அவள் பின் படியில். தனித்தனி டிக்கெட்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இல்லீங்க" என்றோம் இரண்டு பேரும்.

சுகந்தி அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீந்தி வளர்ந்தவள். படியே இல்லாததுபோல் குதித்தாள். பாதிக் குளம் வெளியே வந்தது. பிறகு தவளை மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தாள், தலையைத் தண்ணீரில் முக்காமலே. நான் மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"அந்தக்காகிட்டச் சொல்லுங்க, கம்பிய உட்டாத்தான் நீச்சல் வரும்னு."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பி, "கம்பிய உடச் சொல்றாங்க" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான்.

"உட்டா முழுகிருவேன்னு சொல்லுங்க."

"முழுகிருவாங்களாமா."

"முழுகுனா எடுக்கறதுக்கு நானு இல்லியான்னு கேளுங்க."

ஜெசிந்தா இதை என்னிடம் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கம்பியை விட்டேன். முழுகினேன். சுகந்தி எடுத்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்குச் சம்பளம் தண்ணியப் பாத்துக்கறதுக்கு மட்டும்தானுங்க" என்று சொல்லி, பிடித்து மிதக்கிற நீலப் பலகை ஒன்றை எங்கள் நடுவில் போட்டாள். "இதுகிட்டப் பேசிக்கங்க."

சௌகரியமாகத்தான் இருக்கிறது. பலகை குறுக்கே பேசுவதில்லை.

இன்று சுகந்தி பலகையிடம் சொன்னது: ரெண்டு வருசம் முன்னாடி ஒருத்தருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. அப்போது நர்ஸ் கையில் ரசம் கொடுத்தனுப்பிய பிளாஸ்க் இன்னும் திரும்பி வரவில்லை.

ஆபரேஷன் எனக்குத்தான். அந்த ரசம் கேன்டீனிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தேன். உப்பு அதிகம் என்று நர்ஸிடம் குறையும் சொன்னேன். பிளாஸ்க் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நல்ல பிளாஸ்க், சூடு ஆறுவதே இல்லை. தேய்த்துக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

மூன்று நாள் குளம் இல்லை, மாதவிலக்கு. யாரிடமும் சொல்லவில்லை. அவளும் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. எப்படித் தெரிந்ததோ.

பிப்ரவரி 25, செவ்வாய்

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எதையும் பிடிக்காமல் போய்ச் சேர்ந்தேன். சுகந்தி கை தட்டினாள். நான் திரும்பிப் பார்த்ததும் கொசு அடித்தவள்போல் கையைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று யோசித்தேன், நினைவு வரவில்லை.

இவரிடம் சொன்னேன். "சாயங்காலம் போண்டா போடறியா?" என்றார்.

மார்ச் 12, புதன்

தோசை ஊற்றும்போது இவர் சொன்னார், "தம்பி ஓசூருக்குப் போறானாமா. அங்க ஒர்க்‌ஷாப் போடறான். ஊட்டை விக்கறதுக்குப் புரோக்கரைப் புடிச்சுட்டான்."

"அப்படீங்களா."

"நல்லதாப் போச்சு. தொல்லை உட்டுது."

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். ஐந்து சாப்பிடுகிறவர்.

இரண்டு வீடுமே எங்கள் பேரில், அதாவது மருமகள்கள் பேரில் இருக்கின்றன. மாமனார் தன் மகன்களை நன்றாக அறிந்தவர். அதனால் கையெழுத்துப் போட வேண்டியவள் சுகந்தி. போட்டுவிடுவாள். வீட்டுக்காரர் சொன்னால் போட வேண்டியதுதானே.

மூன்றாவது தோசை கருகிவிட்டது. கல் சரியில்லை.

மார்ச் 13, வியாழன்

சுகந்தி பலகையிடம், "பையனுக்கு ஓசூர்ல நல்ல ஸ்கூல் இருக்குதாமா" என்றாள். நான் பலகையிடம், "நல்லதுதான்" என்றேன். அப்புறம் எட்டு நீளம் நிற்காமல் நீந்தினேன். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. புதுக் கண்ணாடி, இப்படி ஒழுகக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

நேற்று எழுதியது பொய். கண்ணாடி ஒழுகவில்லை. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

போட்டி நடக்கப் போகிற தடுப்பணையில் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளத்தில் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்து நேராகப் போகலாம். இங்கே கோடும் இல்லை, அடியும் இல்லை. பச்சைத் தண்ணீர். கை வீசிக் கொஞ்ச தூரம் போனதும் கம்பியைத் தேடினேன். திரும்பி வந்துவிட்டேன்.

காவலுக்குப் படகுகள் நிற்குமாம். களைத்தால் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். ஏறிவிட்டால் போட்டி முடிந்தது.

சுகந்தி வரவில்லை. அவள் வீட்டில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன.

ஏப்ரல் 4, வெள்ளி

போட்டிக்கு முன் கடைசி நாள் குளம். சுகந்தி பலகையிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை காலைல அட்வான்ஸ் குடுக்க வர்றாங்களாமா. ஊட்டுல இருக்கச் சொல்லீருக்கறாங்க."

அப்படியானால் வர முடியாது. "வேலையிருந்தா என்ன பண்றது" என்றேன் பலகையிடம். அதை ஜெசிந்தாவிடம் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கொடுத்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிவதற்குள் பருப்புச் சாதம் வைத்து மூடிவிட்டுக் கிளம்பினேன். இவர், "பாத்துப் போயிட்டு வா" என்றார். வாசல்வரை வந்தார், அது அதிகம். சைக்கிள்களை ஏற்றிப் போக ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள். கூடை வைத்த சைக்கிள் என்னுடையது ஒன்றுதான்.

புதியவர்கள் பிரிவில் என்னோடு நான்கு பெண்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். ஒருத்தி அன்பாக, "ஆன்ட்டி, யாரைப் பாக்க வந்தீங்க?" என்றாள். "என்னையத்தான்" என்றேன். வளையலுக்கு மேலே மார்க்கர் பேனாவால் எண் எழுதினார்கள். மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். விசில் ஊதினார்கள்.

பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் மற்ற தொப்பிகள் கண்ணுக்கு மறைந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தால் நான் கரைக்குப் போகாமல் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பினேன். மூச்சு மாறியது. வாய்க்குள் தண்ணீர். செத்துப்போவேன் என்றே நினைத்தேன். அடுப்பில் கேஸ் மூடினேனா என்றும் நினைத்தேன்.

படகு பக்கத்தில் வந்தது. விளிம்பை ஒரு கையால் பிடித்தேன். அப்புறம் இன்னொரு கையாலும்.

"ஏறிக்கங்கம்மா" என்றார் படகுக்காரர். "பரவால்லீங்க, நெறையப் பேரு ஏறுவாங்க. வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

நல்ல மனிதர். ஒரு காலைத் தூக்கி விளிம்பில் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. "தமயந்தியக்கா!"

சுகந்தி அணைக்கட்டின் மேல் நின்றிருந்தாள். வீட்டில் கட்டுகிற சேலை, பாதி பின்னிய தலை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, முழுத் தொண்டையில் கத்தினாள்: "படகுல மட்டும் ஏறுனீங்கன்னா, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்! ஆமா, சொல்லிப்போட்டேன்!"

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஒரு கால் மேலேயும் ஒரு கால் தண்ணீரிலுமாக யோசித்தேன். நான்கு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், இனிப் பேச மாட்டேன் என்கிறாள். இதில் எனக்கு என்ன நஷ்டம்? அந்த நிலைமையிலும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். தாங்க முடியாத நஷ்டமாகத்தான் இருந்தது.

காலை இறக்கினேன்.

"யாருங்கம்மா அது?" என்றார் படகுக்காரர்.

"என்ற ஓரகத்தி."

"சண்டைங்களா?"

"இல்லீங்க. பேசிட்டிருக்கறோம்."

கையையும் விட்டேன். அவள் நிற்கிற திசை தெரிந்ததால் நேராகப் போக முடிந்தது. கரையேறியபோது தண்ணீரில் வேறு யாரும் இல்லை. அவள் சரிவில் இறங்கி ஓடி வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"என்ன நின்னுட்டு இருக்கறீங்க? சைக்கிளுக்குப் போங்க. தலைய அப்பறம் தொடைச்சுக்கலாம்."

சைக்கிளில் குறிப்பிட ஒன்றுமில்லை. காற்று எதிர்க்காற்று. வழியில் ஒரு தோட்டத்துக்காரர் தேங்காய் வேண்டுமா என்று கூடையைப் பார்த்துக் கேட்டார்.

ஓட்டத்துக்கு வந்தபோது மற்றவர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு என் பக்கத்திலேயே ஓடி வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள். பையன் பத்தாவதில் கணக்கில் தடுமாறியது, அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, எங்கள் வீட்டுக் குக்கர் வாஷர் போய் ஆறு மாதமாகச் சீறுகிறதே, காது கேட்கவில்லையா என்பது, தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கு வாசனைக்கு அவள் வாசல்படியில் வந்து நின்றது. எனக்கு மூச்சு இல்லை, அதனால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு வருடப் பேச்சு இரண்டரை கிலோமீட்டரில் அடங்குகிறதா?

எல்லைக்கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அது தரையில் படுத்துக் கிடந்தது. சுற்றிக்கொண்டு போய் முடித்தேன். கடைசி. மெடல் கொடுத்தார்கள். கனமாகத்தான் இருக்கிறது.

மூச்சு வந்ததும் கேட்டேன், "அட்வான்ஸ் குடுக்க வந்தவங்க என்னானாங்க?"

"காப்பி குடுத்து உக்கார வெச்சுட்டு, பால் வாங்கியாறேன்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள் சுகந்தி. "காப்பி குடிச்சதுக்கப்பறம் எதுக்குப் பாலுன்னு அவங்களுக்குத் தோணியிருக்காது."

ஏப்ரல் 7, திங்கள்

காலை மடக்க முடியவில்லை. மடக்கினால் நீட்ட முடியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இவர் ரொம்ப நேரம் தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னார்: "எப்படியும் அவங்க ஊரை உட்டுப் போறாங்க. கடைசி நேரத்துல எதுக்குப் பொல்லாப்பு. இனிமே நீ அந்தப் புள்ளைகிட்டப் பேசறதுன்னா பேசிக்க."

"சரிங்க" என்றேன்.

அந்தப் புள்ளை அப்போது எங்கள் சமையல்கட்டில்தான் குக்கருக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சுகந்தி கையெழுத்துப் போடவில்லை. வீட்டை விற்பதாக இல்லை என்று புரோக்கர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஓசூரில் ஒர்க்‌ஷாப் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள், வாரம் ஒருமுறை வந்து போங்கள் என்று கொழுந்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கோபம். இவரிடம் வந்து முறையிட்டார். அண்ணனும் தம்பியும் நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். எங்களைப் பற்றித்தான்.

இவர் உள்ளே வந்து, "நீ சொன்னா அந்தப் புள்ளை கேக்கும். போட்டுக் குடுக்கச் சொல்லு" என்றார்.

"சொல்ல மாட்டேனுங்க" என்றேன். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் நான் இவரிடம் இப்படிச் சொன்னதில்லை. சொல்வது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

ஏப்ரல் 16, புதன்

மூன்று நாளாகக் கொழுந்தனார் சுகந்தியோடு பேசுவதில்லை. இவர் என்னோடு பேசுவதில்லை. காலையில் இவர் சுவரைப் பார்த்து, "சட்டைக்குப் பட்டன் இல்ல" என்றார். நானும் சுவரைப் பார்த்து, "ஊசி நூல் அலமாரியில இருக்குது" என்றேன்.

சாயங்காலம் குளத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். "இவங்க ரெண்டு பேரும் எத்தனை நாளைக்குத் தாங்குவாங்கக்கா?" என்று கேட்டாள் சுகந்தி.

அதிகம் போனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றேன். பேசாமல் இருப்பதற்கு நல்ல மூச்சு வேண்டும். எங்களுக்கு நான்கு வருடப் பயிற்சி இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே பேசாமல் இருக்க அவர்கள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.